அஞ்சு நட்சத்திர முட்டுவலி

எய்யா பேராண்டி, நீ விட்டுட்டுப் போன கேள்வித்தாளைக் கண்ணாடி போட்டு ஒரு தரம் படிச்சேன், கழத்தி வச்சுட்டு ஒரு தரம் படிச்சேன். கழத்தி வச்சப்பதான் நல்லாருந்தது. "தொலைமருத்துவ ஆலோசனைச் சேவையின் மீதான தங்களது ஒட்டுமொத்தத் திருப்தி நிலை யாது?" அடேயப்பா! எழுதுன கைக்கு மோதிரம் போடணும். இதை நீ கீழத்தெருவுல நின்னு சத்தமாப் படி. உள்ள இருக்குற பொம்பளை ஆளு ஈரக்கையைச் சேலையில தொடச்சுக்கிட்டே வெளிய வந்து, "ஆதார் ஜெராக்ஸ் எத்தனைய்யா வேணும்?"னு கேப்பா. நீ கட்டம் கட்டமா இருக்குற தாளை நீட்டுனா, எந்தக் கட்டத்துல கைநாட்டுன்னு கேப்பா. அம்புட்டுத்தான், உன் ஆராய்ச்சிக்கு ஒரு ஆளு சேந்தாச்சு.

கோவிச்சுக்காத. நீ பொதுச் சுகாதாரம் படிக்க. வீடியோவுல டாக்டரைப் பார்த்த சனத்துக்கு அதுல திருப்தியான்னு அளந்து காட்டுனாத்தான் பட்டம் குடுப்பாகளாம். நல்லது. தாத்தன் ரிட்டயர் ஆகுற வரைக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துல சீட்டைப் பார்த்து மாத்திரை எண்ணிக் குடுத்த கம்பவுண்டரு. அந்த மருந்து ஜன்னல் இருக்கே, அதுக்கு உள்பக்கம் நின்னவனுக்குத் தெரிஞ்சது டாக்டருக்கே தெரியாது. டாக்டர் ரூமுல நிக்கும்போது அத்தனைக்கும் "சரிங்கய்யா, சரிங்கய்யா"ம்பாக. மூணு எட்டு நடந்து ஜன்னலுக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, "அவரு என்ன சொன்னாரு?"ம்பாக. ரூமுக்குள்ள கேட்டா நூத்துக்கு நூறு திருப்தி. ஜன்னல்ல கேட்டா, என்ன சீக்குன்னே தெரியாது. நீ எங்க நின்னு கேக்கப் போறங்கிறதுதான் எனக்குக் கவலை.

வீடியோ வைத்தியத்துக்கு நான் விரோதின்னு நெனச்சுக்காத. 2020-ல ஊரடங்கு போட்டு பஸ்சை நிறுத்துனப்ப, இந்த ஊர்ல எத்தனை பேருக்குப் பிரஷர் மாத்திரை தீந்துபோய் முழிச்சாகன்னு நான் பார்த்தவன். ஈ-சஞ்சீவனின்னு மத்திய சர்க்கார் ஏற்பாடு ஒண்ணு, மொகாலியில இருக்குற சி-டாக் கட்டிக் குடுத்தது. 2019 நவம்பர்ல அதை ஆரம்பிச்சப்ப ஊர்ப்புற ஆஸ்பத்திரியில இருக்குறவுக பெரிய டாக்டர்கிட்டக் கேட்டுக்கிடத்தான். ஊரடங்கு வந்ததும் 2020 ஏப்ரல் 13-லருந்து சனம் வீட்டுல இருந்தே டாக்டரைக் கூப்பிடலாம்னு ஆச்சு. ஆரம்பத்துல அதுல முன்னால நின்ன மாநிலங்கள்ல நம்ம தமிழ்நாடும் ஒண்ணு. 2023 பிப்ரவரிக்குள்ள நாடு பூரா பத்துக் கோடி ஆலோசனையைத் தாண்டிட்டுதுன்னு சர்க்கார் அறிவிச்சுது. சின்ன விசயமா? கோவில்பட்டிக்குப் போகணும்னா பஸ்சுக்காசு, ஒரு நாள் கூலி, கூட வாரவனுக்கு ஒரு நாள் கூலி, அவனுக்கு டீ வடை. அம்புட்டும் மிச்சம்.

ஆனா இங்கயே உனக்கு ஒரு முடிச்சு கெடக்கு. பாட்டிக்குத் திருப்தின்னு வச்சுக்கோ. அது டாக்டர் பார்த்த பார்வையிலயா, பஸ்சு ஏறாததுலயா? உன் தாள்ல ரெண்டுக்கும் ஒரே கட்டம்தான் இருக்கு. பஸ்சுக்காரன் குடுக்காத சுகத்துக்கு டாக்டருக்கு மார்க்கு விழும்.

சரி, விசயத்துக்கு வாரேன். உனக்கு நல்ல நம்பர் வேணுமா, நெசம் வேணுமா? நல்ல நம்பர்னா அதுக்கு நான் வழி சொல்லுதேன். தொண்ணூத்தெட்டு சதவீதம் வாங்கித் தாரேன். உன் புரொபசர் உன்னைத் தோள்ல தூக்கிக்கிட்டுப் போவாரு.

மொதல் காரியம், நீ கேக்காத. நர்சம்மாவைக் கேக்கச் சொல்லு. துணை சுகாதார நிலையத்துல யாரு டேப்லெட்டை நீட்டி, டாக்டரைக் கூப்பிட்டு, பாட்டி சொன்னதை டாக்டருக்கும் டாக்டர் சொன்னதைப் பாட்டிக்கும் சொன்னாகளோ, அவுகளே கேக்கணும். "டாக்டர் நல்லாப் பார்த்தாரா பாட்டி?" பாட்டி என்ன சொல்லுவா? அடுத்த மாசம் சுகர் மாத்திரைக்கு இதே நர்சம்மா மொகத்துல முழிக்கணும். 2021-ல கிருஷ்ணகிரிப் பக்கம் சாமனப்பள்ளியில மக்களைத் தேடி மருத்துவம் ஆரம்பிச்ச பொறவு, மாத்திரை வீடு தேடி வருது. வீடு தேடி வாரவுகளைக் கொறை சொல்லி அனுப்புற வழக்கம் நம்ம சனத்துக்கு உண்டா? "சாமி மாதிரி பார்த்தாரு தாயி"ம்பா. நீ அஞ்சுல டிக் போட்டுக்கோ.

ரெண்டாவது, போன் அணைஞ்ச சூட்டோட கேட்டுரணும். நாலு நாள் கழிச்சுக் கேக்குற தப்பைப் பண்ணிராத. நாலு நாள்ல மாத்திரை வேலை செஞ்சிருக்கும், இல்ல செஞ்சிருக்காது. வயித்தைக் கலக்கியிருக்கும். பாட்டி சத்தமில்லாம டவுனுக்குப் போயி வேற டாக்டரைப் பார்த்துருப்பா. அதெல்லாம் உனக்கு எதுக்கு? போனை வச்ச நிமிசத்துல மனசு குளுந்து கெடக்கும். ஒரு படிச்ச மனுசன் தன் மொகத்தைப் பார்த்துப் பேசுனாரே! அந்தக் குளுமையை அளந்துட்டு ஓடியாந்துரு.

அந்தக் குளுமையை நான் பொய்யின்னு சொல்லலடே. நேர்ல போனா முதுகுல இடிச்சுக்கிட்டு இருவது பேரு நிப்பான். டாக்டர் சீட்டுலயே கண்ணா இருப்பாரு. உலகத்துல எந்தெந்த நாட்டுல டாக்டர் எம்புட்டு நேரம் நோயாளியைப் பார்க்காருன்னு 67 நாட்டுக் கணக்கைச் சேத்து 2017-ல போட்டானாம்னு நீதானே சொன்ன. வங்காளதேசத்துல 48 வினாடி, சுவீடன்ல 22 நிமிசம் சொச்சம். சுவீடன்காரனுக்கு அம்புட்டு நேரம் என்ன பேச்சுன்னு எனக்கு வெளங்கல. வீடியோவுல முதுகுக்குப் பின்னால கூட்டம் தெரியாது. டாக்டரும் மொகத்தைத்தான் பார்த்தாகணும், வேற பார்க்க எதுவும் இல்ல. "சாப்ட்டீகளாம்மா?"னு ஒரு வார்த்தை கேட்டுட்டாருன்னா பாட்டிக்குப் பாதி சீக்கு போச்சு. அந்தப் பாதி நெசம்தான். மத்தப் பாதியைத்தான் நீ அளக்கணும்.

மூணாவது, கேள்வியை வழவழன்னு எழுது. "டாக்டர் தெளிவாக விளக்கினார்: ஆம் / இல்லை." "மரியாதையாக நடத்தினார்: ஆம் / இல்லை." எல்லாம் நல்ல வாக்கியமாவே இருக்கட்டும். நம்ம சனம் நல்ல வாக்கியத்துக்கு "ஆமா"தான் சொல்லும், இல்லைன்னு சொன்னா சண்டைக்கு வந்த மாதிரி ஆயிரும்ல? நைஜீரியாவுல ஒரு கூட்டம் இதையே சோதிச்சுப் பார்த்து 2018-ல எழுதியிருக்காகளாம். பாதிப் பேருகிட்ட நல்லதாச் சொல்லி ஒத்துக்கிடுதீகளான்னு கேட்டாகளாம். மீதிப் பேருகிட்ட அதையே கொறையாச் சொல்லி ஒத்துக்கிடுதீகளான்னாகளாம். ஆஸ்பத்திரி அதேதான், சனமும் அதேதான். ஆனா திருப்தி எறங்கிப் போச்சு. நைஜீரியாக்காரனும் நம்ம ஆளுதான் போல, வந்தவன் மனசை நோகடிக்கக் கூடாதுன்னு ரெண்டு பக்கமும் தலையாட்டியிருக்கான்.

கட்டம் அஞ்சு போட்டுருக்கியே, அது லிக்கர்ட்டுங்கிற அமெரிக்காக்காரன் 1932-ல போட்டுக் குடுத்தது. "முற்றிலும் உடன்படுகிறேன், உடன்படுகிறேன், நடுநிலை, உடன்படவில்லை, முற்றிலும் உடன்படவில்லை." எய்யா, முற்றிலும் உடன்படுறதுக்கும் சும்மா உடன்படுறதுக்கும் என்ன வித்தியாசம்னு எங்க போயி பாட்டிக்குச் சொல்லுவ? நான் பார்த்துருக்கேன், இந்த மாதிரி தாளோட ஒரு பிள்ளை வந்துச்சு. "நடுநிலைன்னா என்னம்மா"ன்னு கேட்ட ஆளுக்கு, "நல்லதும் இல்ல, கெட்டதும் இல்ல பாட்டி"ன்னுச்சு. பாட்டி கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "அப்ப நல்லதுன்னே போட்டுக்கோ, உனக்கு எதுக்குத்தா கஷ்டம்"னுட்டா.

இன்னொரு கேள்வி போட்டுருக்க பாரு: "இச்சேவையை உங்கள் நண்பருக்கோ உறவினருக்கோ பரிந்துரைப்பீர்களா? பூச்சியம் முதல் பத்து வரை மதிப்பெண் தருக." இது 2003-ல ரெய்க்கெல்டுன்னு ஒருத்தன் வியாபாரக் கம்பெனிகளுக்காகக் கண்டுபிடிச்ச கணக்காம். ஒம்பதும் பத்தும் குடுத்தவன் நம்ம ஆளு. ஏழும் எட்டும் கணக்குல சேத்தியில்ல. ஆறும் அதுக்குக் கீழயும் குடுத்தவன் நம்மளைத் தூத்துறவன். எய்யா, முப்பத்தஞ்சு வாங்குனா பாஸுன்னு வளந்த சனம்யா இது! பத்துக்கு ஆறு போட்டா இந்த ஊர்ல முதல் வகுப்பு. உன் கணக்குல அவன் எதிரி. அது போகட்டும், வைத்தியத்தை யாருய்யா சொந்தக்காரனுக்குச் சிபாரிசு பண்ணுவான்? "உனக்கு இந்தச் சீக்கு வந்தா இந்த டாக்டரைப் பாரு"ன்னு சம்பந்திகிட்டச் சொல்லிப் பாரு, வந்த சம்பந்தம் வாசலோட திரும்பிரும்.

நாலாவது வழிதான் ரொம்ப நேர்த்தியானது. பேசி முடிச்சவுகளை மட்டும் கேளு. டோக்கன் வாங்கிட்டு உக்காந்துருந்து மறந்து போனவுக, பாதியில லைன் அறுந்தவுக, ஓ.டி.பி. வந்த போனு பேரன்கிட்டப் பள்ளிக்கூடம் போயிட்டதால உள்ளயே நொழைய முடியாதவுக, காது கேக்காததால வேண்டாம்னுட்டவுக, இவுக யாரையும் கேட்டுராத. இவுகளுக்குத் திருப்தியும் இல்ல, அதிருப்தியும் இல்ல. அதுக்கு மொதல்ல டாக்டரைப் பார்த்துருக்கணும்ல? வாசப்படியிலயே நின்னுட்டவனை விட்டுட்டு, உள்ள போயி நாக்காலியில உக்காந்தவனை மட்டும் கேட்டா தொண்ணூத்தெட்டு தானா வரும்.

லிங்க் அனுப்புவேன்னும் சொன்னீல்ல. அதுக்கும் ஒரு கதை இருக்கு. எந்த ஆப்பு, எந்த ஆஸ்பத்திரின்னு கேக்காத. நம்ம வடக்குத்தெரு முத்தம்மா, பேரு இதில்ல, சும்மா வச்சுக்கோ, முட்டுவலின்னு வீடியோவுல கூப்பிட்டா. மருமக போனைப் பிடிச்சுக்கிட்டா. டாக்டர் "முட்டைக் காமிங்கம்மா"ன்னாரு. மருமக போனைக் கீழ எறக்குனா, சேலை தெரிஞ்சுது. இன்னும் எறக்குனா, தரையில கெடந்த வெங்காயத்தொலி தெரிஞ்சுது. மேல தூக்குனா காத்தாடி சுத்துது. டாக்டருக்கு அன்னைக்கு முட்டைத் தவிர வீடு பூராவும் தெரிஞ்சுது. "வீங்கியிருக்கா?"ன்னாரு. முத்தம்மா வாயைத் தொறக்கங்காட்டி மருமக "லேசா"ன்னுட்டா. மாத்திரை எழுதிட்டாக. சீட்டு மெசேஜுல வந்துச்சு. மெசேஜு எந்த நம்பருக்குப் போச்சு தெரியுமா? பதிஞ்சது மகன் நம்பருல. மகன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான். அவன் சீட்டை மருமக போனுக்கு அனுப்புனான். அதுக்குப் பொறவு நட்சத்திரம் கேட்டு ஒண்ணு வந்துச்சாம். அதை அழுத்தாம விட்டா தெனமும் வருதுன்னு அஞ்சையும் அழுத்திட்டான். முட்டை டாக்டரும் பார்க்கல, மகனும் பார்க்கல. ஆனா அந்த முட்டுவலிக்கு அஞ்சு நட்சத்திரம். முத்தம்மா இன்னைக்கும் திண்ணையைப் பிடிச்சுத்தான் எந்திரிக்கா.

இப்பிடி நட்சத்திரத்தை எண்ணித்தான் உலகம் பூராவும் கட்டுரை எழுதியிருக்கான். 2000-ல இங்கிலாந்து மருத்துவப் பத்திரிகையில மேயரு, விட்டன்னு ரெண்டு பேரு அதுவரைக்கும் வந்த 32 ஆராய்ச்சியைச் சேத்து வச்சுப் பார்த்தாகளாம். எல்லாத்துலயும் நோயாளிக்கு நல்ல திருப்தி! ஆனா பலதுல ஆளு கொறைச்சல், கேள்வி ஒழுங்கா இல்ல, எதைத் திருப்திங்கான்னே சரியாச் சொல்லலன்னு அவுகளே எழுதிட்டாக. முப்பத்திரெண்டு ஜாதகம் பார்த்து ஒண்ணுலகூட தோஷம் இல்லைன்னா ஜாதகத்தைக் கொண்டாடக் கூடாதுடே, ஜோசியரைப் பார்க்கணும். அதுக்குப் பொறவும் தாளுக்குக் கொறைச்சல் இல்ல. ஹாங்காங்குல 2003-ல சக்கரை நோயாளிகளை வச்சு 14 கேள்வியில ஒண்ணு பண்ணுனான். பிட்ஸ்பர்க்குக்காரன் 2016-ல 21 கேள்வியில ஒண்ணு பண்ணுனான். நீ அந்த ஹாங்காங்குத் தாளை எடுத்துத் தமிழாக்கம் பண்ணிட்டு வந்திருக்க. ஹாங்காங்குக்காரன் கேள்வி மோசம்னு சொல்லல. சத்தம் தெளிவாக் கேட்டுச்சா, நேர்ல பார்க்குறதுக்குச் சமமா இருந்துச்சா, திரும்பவும் இப்பிடிப் பார்ப்பீகளான்னு நல்ல கேள்வியாத்தான் கேட்டுருக்கான். ஆனா அவன் ஊருக் கிழவனுக்கு அவனவன் போனு அவனவன் கையில இருந்திருக்கும்.

நீ கொண்டாந்த தாள்கள்ல எனக்குப் பிடிச்சது ஒண்ணு உண்டு. 1998-ல வில்லியம்சுன்னு ஒருத்தரும் இன்னும் ரெண்டு பேரும் எழுதுனது. சனத்துகிட்டத் தாளைக் குடுத்து டிக்கும் வாங்குனாகளாம், உக்காந்தும் பேசுனாகளாம். டிக்குல திருப்தி. பேச்சுல பார்த்தா நெறைய மனக்கொறை. ஏன்யா அப்பிடிப் போட்டன்னு பார்த்தா, "அது அவுக வேலை இல்லையே", "அவுக மேல தப்பு இல்லையே"ன்னு மன்னிச்சு விட்டுருக்காக. வெள்ளைக்காரனும் மனுசன்தான்னு அன்னைக்குத்தான் நம்புனேன். நம்ம பாட்டி இதையேதான் சொல்லுவா: "டவரு இல்லாததுக்கு டாக்டர் என்னய்யா செய்வாரு, பாவம் சின்னப் பையன்." டாக்டரை மன்னிச்ச மன்னிப்பு உன் தாள்ல திருப்தியா ஏறுது. நீ அளக்குறது வைத்தியத்தை இல்ல, பாட்டியோட நல்ல மனசை. அது எப்பவும் அஞ்சுதான்.

இதைவிடப் பெரிய வில்லங்கம் ஒண்ணு இருக்கு. பக்கத்து ஊர்ல ஒரு ஊசிக்காரரு இருந்தாரு. பட்டமும் கெடையாது, பலகையும் கெடையாது. காய்ச்சலா, ஊசி. தலைவலியா, ஊசி. மாமியா திட்டுனாளா, அதுக்கும் பி காம்ப்ளெக்ஸ் ஊசி. செவசெவன்னு மருந்து ஏறும்போதே நோயாளி மொகத்துல ஒரு தெளிச்சி வரும். அவருகிட்ட நீ திருப்தியை அளந்துருந்தேன்னா உன் கருவி ஒடஞ்சிருக்கும். அதே நேரத்துல எங்க ஆஸ்பத்திரியில ஒரு டாக்டரம்மா இருந்தாக. "சளிக்கு ஆன்டிபயாட்டிக் வேண்டாம்மா, சுடுதண்ணி குடிங்க, நாலு நாள்ல போயிரும்"பாக. சனம் ஜன்னலுக்கு வந்து என்கிட்டச் சண்டை போடும், "காலையில இருந்து லைன்ல நின்னது சுடுதண்ணி குடிக்கவா?"ன்னு. டாக்டரம்மாவுக்கு உன் தாள்ல என்ன மார்க்கு விழுந்துருக்கும்? ஊசிக்காரருக்கு என்ன விழுந்துருக்கும்?

இது நம்ம ஊருப் பொரளின்னு நெனைக்காத. 2012-ல அமெரிக்காவுல ஃபென்டன்னு ஒரு டாக்டரும் அவரு சேக்காளிகளும் அம்பதாயிரம் பேருக்கு மேல கணக்குப் பார்த்தாக. டாக்டர் மேல ரொம்பத் திருப்தியா இருந்தவுக மருந்துக்குக் கூடச் செலவழிச்சிருக்காக, ஆஸ்பத்திரியில கூடப் படுத்துருக்காக, செத்ததும் கூட. கொஞ்சநஞ்சமில்ல, திருப்தி கொறைஞ்சவுகளைவிட சாகுற அபாயம் 26 சதவீதம் ஒசத்தி. திருப்திதான் கொன்னுச்சுன்னு சொல்ல முடியாதுன்னு நீ ஒடனே சொல்லுவ, தெரியும். நானும் சொல்லல. ஆனா "திருப்தி ஒசந்தா வைத்தியம் ஒசத்தி"ன்னு உன் கட்டுரை முடிவுல எழுதிராதன்னுதான் சொல்லுதேன்.

வீடியோவுல இந்த வில்லங்கம் இன்னும் கூடும். 2020 மார்ச் 25-ல வந்த தொலைமருத்துவ விதிமுறையை நீயே எனக்குப் படிச்சுக் காட்டுன. எந்தெந்த மருந்தைப் போன்ல எழுதலாம், எதை மொதத் தடவை வீடியோவுல பார்த்தாத்தான் எழுதலாம், எதை ஏற்கெனவே பார்த்தவருக்குத்தான் தொடரலாம்னு பட்டியல் போட்டு வச்சிருக்கு. போதைச் சட்டத்துல வர்ற மருந்தை எழுதவே கூடாது. சரிவராதுன்னு பட்டா பேச்சை நிறுத்தி நேர்ல வரச் சொல்லலாம், அது டாக்டர் உரிமை. இப்ப நீ சொல்லு. நெஞ்சு கரிக்குதுன்னு கூப்பிட்டவரை ரெண்டே நிமிசத்துல "ஒடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க, 108-ஐக் கூப்பிடுங்க"ன்னு அதட்டுன டாக்டரு நல்லவரா, கேஸ் மாத்திரை எழுதி நாலு நிமிசம் சிரிச்சுப் பேசுன டாக்டரு நல்லவரா? மொதல்வருக்கு ரெண்டு நட்சத்திரம்: "சரியாப் பார்க்கல, தொரத்தி விட்டாரு." அடுத்தவருக்கு அஞ்சு. அந்த அஞ்சு குடுத்தவரு அடுத்த வாரம் உன் தாளை நிரப்ப இருக்கணுமேய்யா.

இன்னும் ஒண்ணு, இது சிரிக்கிற விசயமில்ல. நம்ம வீட்டுப் பொம்பளைப் பிள்ளைக ஆஸ்பத்திரிக்குப் போனா, மாமியாளை வெளிய உக்கார வச்சுட்டு டாக்டரம்மாகிட்டத் தனியா ரெண்டு வார்த்தை பேசும். வெள்ளைப்படுதலோ, பிள்ளை நிக்காததோ, புருசன் கைநீட்டுறதோ, அந்தக் கதவுக்குப் பின்னாலதான் வரும். வீடியோவுல கதவு எங்க இருக்கு? போனை மாமியா பிடிச்சிருக்கா, கொழுந்தன் சத்தத்தைக் கூட்டி வச்சிருக்கான். டாக்டரம்மா "வேற ஏதும் தொந்தரவு உண்டாம்மா?"ன்னு கேட்டா, பிள்ளைக்கு முந்தி மாமியா "அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க"ம்பா. அந்தப் பிள்ளை சொல்லாம விட்ட சொல்லு உன் தாள்ல எந்தக் கட்டத்துல விழும்? "பேசும்போது பக்கத்துல யாரு இருந்தா?"ன்னு ஒரு கேள்வி வை. அதையும் மாமியா பக்கத்துல இல்லாத நேரமாப் பார்த்துக் கேளு. கெணத்தடியோ, நூறு நாள் வேலை நடக்குற எடமோ. கேக்குறதுக்கு உன் கூடப் படிக்குற பிள்ளைக யாரையாச்சும் கூட்டிட்டு வா. நீ போனா அங்கயும் வாய் தொறக்காது.

தொட்டுப் பார்க்காம எழுதுற கொறைக்கு, கண்ணுக்குப் பார்க்குறவுக ஒரு வழி கண்டு வச்சிருக்காக. மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்காரவுக தேனிப் பக்கம் ஊருக்குள்ளயே கண் மையம் வச்சு, அமெரிக்காவுல பெர்க்லி பல்கலைக்கழகத்துக்காரவுக ஒத்தாசையில தூரத்து வைஃபை போட்டுக் கூட்டிச் சேத்து ரொம்ப வருசமாச்சு. அங்க பயிற்சி எடுத்த பிள்ளை ஒண்ணு கண்ணைக் கருவியில வச்சுப் பார்க்கும், அதுக்குப் பொறவுதான் தூரத்துல இருக்குற டாக்டர் பேசுவாரு. தொட்டுப் பார்க்க ஒரு கை, சோதிக்க ஒரு கருவி, பேச ஒரு டாக்டர். அங்கிட்டுத் திருப்தியை அளந்தா அளக்க ஏதோ இருக்கு. வெங்காயத்தொலியையும் காத்தாடியையும் பார்த்துட்டு எழுதுற வைத்தியத்தையும் இதையும் ஒரே தாள்ல "தொலைமருத்துவம்"னு போட்டுக் கூட்டி வகுத்துராத.

நெசம் வேணும்னு நீ ஒத்தக்கால்ல நின்னா, அதுக்கும் தாத்தன் வழி சொல்லுதேன். ஆனா நம்பர் நல்லாருக்காது, அப்பவே சொல்லிட்டேன்.

பார்த்து ஒரு வாரம் கழிச்சுப் போ. கழுத்துல அட்டை தொங்கப் போட்டுக்கிட்டுப் போகாத, சர்க்கார் ஆளுன்னு நெனச்சுருவாக. எடுத்ததும் திருப்தியைக் கேக்காத. "டாக்டர் என்ன சொன்னாரு, எனக்குச் சொல்லு பாட்டி"ன்னு கேளு. பாட்டி சொல்லுறதையும் சீட்டுல இருக்குறதையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாரு. மாத்திரை அட்டையை எடுத்தாரச் சொல்லு. எத்தனை தீந்துருக்கு, எத்தனை மிச்சம்னு எண்ணு. காலையில போட வேண்டியதை ராத்திரி போடுதாளா, சக்கரை மாத்திரையைச் சக்கரை சாப்பிட்ட அன்னைக்கு மட்டும் போடுதாளான்னு தெரிஞ்சுரும். பொறவு, "அந்த டாக்டரைப் பார்த்ததுக்கு அப்பறம் வேற எங்கயும் காட்டுனியா?"ன்னு சாவகாசமாக் கேளு. இந்தக் கேள்விக்குப் பொய் சொல்ல மாட்டா, ஏன்னா செலவழிஞ்ச காசு மனசுல உறுத்திக்கிட்டே இருக்கும். வீடியோவுல பார்த்த மறுநாளே டவுனுக்குப் போனவ உன் தாள்ல அஞ்சு போட்டுருந்தா, அந்த அஞ்சை என்ன பண்ணுறதுன்னு உன் புரொபசர்கிட்டக் கேளு. லைன் அறுந்தவுக பட்டியலை எப்பிடியாச்சும் வாங்கு. குடுக்க மாட்டாக, நீ கேக்குறதை விடாத. அவுக வீட்டுக்கும் போ.

இன்னும் துணிச்சல் இருந்தா, நோயாளி வேசம் கட்டுன ஆளை அனுப்பு. மத்தியப் பிரதேசத்துலயும் டெல்லியிலயும் அப்பிடி ஆளுகளைப் பழக்கி, நெஞ்சு வலி, ஆஸ்துமா, வயித்துப்போக்குன்னு சொல்ல வச்சு அனுப்பிப் பார்த்து 2012-ல எழுதியிருக்காக. டாக்டர் என்ன கேட்டாரு, என்ன கேக்காம விட்டாருன்னு அந்த ஆளு வந்து ஒண்ணு ஒண்ணாச் சொல்லுவான். அவனுக்கு டாக்டர் மேல மரியாதையும் இல்ல, பயமும் இல்ல, அடுத்த மாச மாத்திரையும் வேண்டியதில்ல. வேசம் கட்ட ஆளு வேணும்னா என்னைக் கூப்பிடு. நம்ம ஊர்க் கொடையில அரிச்சந்திரன் கட்டுன ஆளு நான், நெஞ்சு வலிக்கு அழுறதா கஷ்டம்? உங்க காலேஜு கமிட்டி அனுமதி வாங்கிக்கோ, அது முக்கியம். டாக்டருகளுக்கும் முன்கூட்டியே, இன்ன மாசத்துல இப்பிடி ஆளு வருவான்னு சொல்லி வச்சுரு. சொல்லாம விட்டா உதைப்பாக.

திருப்தியையும் கேளு, கேக்க வேண்டாங்கல. கடைசியில கேளு. கேட்டுட்டு, "எதுனால?"ன்னு ஒரு சொல்லு கேட்டு, அவ சொல்லுறதை அவ சொன்ன வாக்குலயே எழுதிக்கோ. "பஸ்சு ஏறல"ன்னா அப்பிடியே எழுது. "சின்னப் பையன், மொகம் நம்ம பேரன் சாயல்"னா அதையும் எழுது. உன் கட்டுரையில புரொபசர் அதைத்தான் விரும்பிப் படிப்பாரு.

தாள்ல கடைசியா ஒரு கேள்வி வச்சிருந்த பாரு, "இந்த ஆய்வுப் படிவம் தங்களுக்குத் திருப்தி அளித்ததா?"ன்னு. அதுக்கு நான் அஞ்சு போட்டு மடிச்சு அலமாரியில வச்சிருக்கேன், வரும்போது எடுத்துக்கோ. டிக் போடும்போது உங்க ஆச்சி பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தா.